தன்னம்பிக்கை வகுப்பு யாருக்கு?

ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் மாஸ்லோவின் பிரமிடு தெரியும். கீழே சோறு, அதற்கு மேல் பாதுகாப்பு, உச்சியில் தன் முழுத் திறனை எட்டிய மனிதர். "ஏறுங்க, உங்களால முடியும்" என்பார் பயிற்சியாளர். ஏற முடியாதவர் மேல்தான் தப்பு என்பதை அவர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதற்குப் பெயர் மனிதநேய உளவியல் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் பிரமிடே கிடையாது. பேச்சுச் சுதந்திரம், நீதி, நேர்மை இல்லாத இடத்தில் அடிப்படைத் தேவைகளே நிறைவேறாது என்ற பகுதி இருக்கிறது. அது மட்டும் எந்த ஸ்லைடிலும் வராது.

எங்கள் மேட்டுப்பாளையத்தில் இதற்குச் சாட்சி நடூர். 2019 டிசம்பர் 2, விடியற்காலை. மழையில் ஊறிய இருபதடிச் சுற்றுச்சுவர் ஒன்று பக்கத்து வீடுகள் மேல் சரிந்து 17 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் தலித்துகள். சுவர் ஆபத்தாக இருக்குன்னு முன்னமே முறையிட்டோம் என்றார்கள் பிழைத்தவர்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்றார்கள். 'மழை, கட்டுமானக் கோளாறு, இதில் மனசு எங்கே வந்தது?' என்று கேட்பவர்கள் உண்டு. மழை இயற்கைதான். சுவரின் உயரமும், யார் முறையீட்டுக்குக் காது கொடுப்பது என்பதும் மனிதர்கள் எடுக்கிற முடிவுகள்.

சுவரை இடித்தாலும் வேலை முடிவதில்லை. 2008 மே மாதம் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் சாதிச் சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்தபோது, ஆதிக்க சாதிக் குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறி மலையடிவாரத்தில் போய்த் தங்கின. சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். உளவியலுக்கு வேலை இருப்பது அந்த மனதில்தான்.

கார்ல் ரோஜர்ஸுக்கு இது தெரிந்திருந்தது. வட அயர்லாந்தின் கத்தோலிக்கரையும் புராட்டஸ்டண்டுகளையும், தென்னாப்பிரிக்காவின் கறுப்பரையும் வெள்ளையரையும் அவர் ஒரே அறையில் உட்கார வைத்தார். நாமோ காலனிப் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துத் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கையில் ஒரு குறையும் இல்லைங்க. சுவர் கட்டுகிறவர்களையும், மனுவை வாங்கி ஓரமாக வைக்கிறவர்களையும் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுங்கள். முதல் பாடம், எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை கேட்பது. இரண்டாவது, கேட்டதைச் செய்வது.