32 மில்லிமீட்டருக்காக

சற்றே நீளமான பதிவு. நண்பர்கள் சிலருக்குச் சினமூட்டும் என்பதையும் அறிவேன். ஆயினும் எழுதாமல் கடந்துபோக இயலவில்லை.

சென்ற வாரம் எங்கள் வளாகத்தில் மாணவர் மன்றமொன்று நடத்திய கண்காட்சியில், உயரம் கூட்டப்பட்ட நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்று நடுநாயகமாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சக்கர வளைவுகளுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் 33 அங்குல டயர்கள். இளநிலை மாணவர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இயந்திரவியல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் அதைப் பொறியியல் ஆர்வத்தின் வெளிப்பாடு என்று பாராட்டிப் பேசினார். கைதட்டினார்கள். நான் கைதட்டவில்லை. ஏன் என்று கேட்ட இளைய நண்பருக்கு அங்கேயே விடை சொல்ல முடியவில்லை. இந்தப் பதிவே அந்த விடை.

மூன்றாண்டுகளுக்கு முன்பு விடுதி நண்பர் ஒருவர் பழைய 4x4 வண்டி ஒன்றை வாங்கினார். 245/75 ஆர்16 அளவுள்ள டயர்களைக் கழற்றிவிட்டு 33 அங்குல டயர் பூட்ட விரும்பினார். என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். திருப்பும்போது டயர் உரசாமலிருக்க சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்த வேண்டும்? டயர் பெரிதானால் ஏற்றத்தில் எந்தக் கியர் இழுக்கும்? ஒரே மாலையில் இரண்டுக்கும் கணக்குப் போட்டு, தாளில் அழகாக எழுதிக் கொடுத்தேன். மனத்துக்குள் பெருமையாகவும் இருந்தது. 50 மி.மீ. உயர்த்தினார், டயரைப் பூட்டினார்.

அதன்பின் சில மாதங்கள் கழித்து, மலைச்சாலை ஒன்றில் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் நானும் இருந்தேன். வளைவைத் தாண்டியதும் சாலையோரத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கும் தள்ளுவண்டி. நண்பர் குடிக்கவில்லை, கைபேசியைப் பார்க்கவில்லை, ஸ்பீடோமீட்டர் முள் 40-இல்தான் நின்றது. பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. தள்ளுவண்டி கவிழ்ந்தது. விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியின் மணிக்கட்டு முறிந்தது. மருத்துவச் செலவை நண்பர் ஏற்றுக்கொண்டார். புகார் ஏதும் எழவில்லை. எல்லாம் சுமுகமாக முடிந்ததாக அனைவரும் சொன்னார்கள்.

அன்றிரவு, நண்பர் கேட்காத கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

245/75 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 774 மி.மீ. 33 அங்குலம் என்பது 838 மி.மீ. கூடுதல் 8.3 விழுக்காடு. ஸ்பீடோமீட்டர் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித்தான் வேகத்தைச் சொல்கிறது. ஒரு சுற்றில் சக்கரம் எவ்வளவு தூரம் கடக்கிறது என்பது ஆலையிலேயே வகுத்து வைக்கப்பட்டுவிட்டது. நாம் டயரை மாற்றியது அதற்குத் தெரியாது. ஆகவே முள் காட்டும் அதே எண்ணில், வண்டி முன்பைவிட 8.3 விழுக்காடு கூடுதல் வேகத்தில் போகிறது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. அது 17 விழுக்காடு கூடுகிறது.

அடுத்தது பிரேக். காலால் ஒரே அழுத்தம் கொடுத்தால் பிரேக் தரும் முறுக்குவிசையும் ஒன்றே. ஆனால் அந்த முறுக்குவிசை தரையில் பின்னோக்கிய விசையாக மாறும்போது சக்கரத்தின் ஆரத்தால் வகுபடுகிறது. ஆரம் கூடினால் விசை குறைகிறது. இங்கே சுமார் 8 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அதே முள், அதே மிதி; ஆனால் நிற்பதற்குத் தேவையான தூரம் ஏறத்தாழ 27 விழுக்காடு அதிகம். 16 மீட்டரில் நின்றிருக்க வேண்டிய வண்டிக்கு 20 மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக வேண்டும். டயரின் கூடுதல் எடையை இதில் நான் சேர்க்கவில்லை. இறக்கத்தில் எஞ்சின் தரும் தடுப்பு விசையும் இதே விகிதத்தில் குறைவதையும், அந்தச் சுமையையும் பிரேக்கே ஏற்றுச் சூடாவதையும் சேர்க்கவில்லை.

இன்னும் அழுத்தமாக மிதித்தால் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அழுத்தமாக மிதிக்க வேண்டும் என்று ஓட்டுநர் உணர்வதற்குள் கடந்துபோகும் அந்தச் சில மீட்டர்களில்தான் தள்ளுவண்டி நின்றது. அந்த விபத்துக்கு டயர் ஒன்றே காரணம் என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் நாங்கள் செய்த மாற்றங்களுள் ஒன்றுகூட அந்த மூதாட்டிக்குச் சாதகமாக இல்லை. எல்லாம் ஒரே திசையில்தான் தள்ளின. அத்தனையையும் கணக்கிடும் அறிவு என்னிடம் இருந்தது. கேட்டதற்கு மட்டும் விடை எழுதினேன்.

இதற்கெல்லாம் ஈடாகக் கிடைத்தது என்ன? இதைத்தான் கண்காட்சியில் கைதட்டியவர்களிடம் கேட்க விரும்புகிறேன். கரடுமுரடான தடத்தில் பாறை முதலில் இடிப்பது பெரும்பாலும் பின்னச்சின் நடுவிலிருக்கும் டிஃபரன்ஷியலைத்தான். சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் பின்னச்சு உயராது. உடற்பகுதி மட்டுமே உயரும். அச்சை உயர்த்துவது டயர் மட்டும்தான். அதுவும் கூடிய விட்டத்தில் பாதி. 64 மி.மீ.யில் பாதி 32 மி.மீ. ஒரு தீப்பெட்டியின் அகலத்துக்குக்கூட எட்டாத இந்த இடைவெளிக்காகத்தான் இத்தனையும். ஆலையிலிருந்து வரும் வண்டி மலைக்கு உதவாது என்பதும் பொய். 2020-இல் வெளிவந்த மஹிந்திரா தாரின் தரை இடைவெளி 226 மி.மீ.; 650 மி.மீ. ஆழ நீரைக் கடக்கும் என்று நிறுவனமே அறிவித்தது. தாழ்விகித கியரும் உண்டு. அதைக் கொண்டு போக முடியாத இடத்துக்கு நம்மில் எத்தனை பேருக்குப் போக வேண்டிய வேலை இருக்கிறது?

இமாசலத்தின் மலைக் கிராமங்களுக்குச் சென்றவர்கள் அறிவார்கள். அங்கே அன்றாடம் ஆளையும் மூட்டையையும் சுமப்பவை ஆல்டோ கார்களும் பொலேரோ பிக்கப்புகளும்தான். குறுகலான, ஆலையில் பூட்டிய அளவிலான டயர்களோடு அவை ஓடுகின்றன. அந்தப் பாதை யாருக்குப் பிழைப்போ அவர்கள் 33 அங்குலம் கேட்பதில்லை. சமவெளி நகரத்திலிருந்து நான்கு நாள் விடுமுறைக்கு வருபவருக்குத்தான் அது தேவைப்படுகிறது.

இனி உயரம். ஒரு வண்டி எளிதில் கவிழுமா என்பதைத் தோராயமாக அறிய எளிய விகிதம் ஒன்று உண்டு. இடது, வலது சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுக்க வேண்டும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001 முதல் கவிழ்தரத்தை மதிப்பிட இந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. அகலம் 1,500 மி.மீ., மைய உயரம் 700 மி.மீ. என்று ஓர் எடுத்துக்காட்டுக்குக் கொள்வோம், விகிதம் 1.07. மையம் 70 மி.மீ. உயர்ந்தால் அது 0.97 ஆகிறது. வளைவில் திடீரெனத் திருப்ப நேரும்போது, சறுக்கி நிற்கும் வண்டிக்கும் உருளும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு இத்தகைய சிறு எண்களில்தான் இருக்கிறது. வண்டியை நிலைப்படுத்தும் மின்னணு அமைப்பும் பழைய டயர் சுற்றளவையும் பழைய உயரத்தையும் நம்பித்தான் வகுக்கப்பட்டது.

ஓட்டுநரின் பார்வையையும் எண்ணிப் பாருங்கள். பானட்டின் முன்விளிம்பு 1.1 மீட்டர் உயரம், கண் 1.6 மீட்டர் உயரம், இரண்டுக்கும் இடையே கிடைத்தொலைவு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டிக்கு முன்னே ஏறத்தாழ 4 மீட்டர் தரை அவருக்குத் தெரியாது. வண்டியை 10 செ.மீ. உயர்த்தினால் அந்தக் குருட்டுப் பரப்பு இன்னும் 36 செ.மீ. நீளும். பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணக் கணக்கு இது. உயர உட்கார்ந்தால் எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள், தொலைவில் இருப்பது தெரிவதையும் அருகில் நிற்கும் குழந்தை மறைவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சட்டத்தின் நிலையும் ஐயத்துக்கு இடமில்லாதது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது. தயாரிப்பாளரே அதே வண்டியின் வேறொரு வகைக்குத் தரும் டயர் அளவைப் பூட்டுவதை நான் குறை சொல்லவில்லை. நான் பேசுவது யாரும் சோதித்துப் பார்க்காத அளவுகளைப் பற்றி.

எதிர்வாதங்களை நான் அறியாதவன் அல்லன். முதலாவது, இது தனிமனித விருப்பம் என்பது. உன் வீட்டுச் சுவருக்கு நீ பூசும் வண்ணம் உன் விருப்பம். பொதுச் சாலையில் நிற்பதற்குக் கூடுதலாகத் தேவைப்படும் நான்கு மீட்டர் உன்னுடையதன்று. அது சோளம் விற்பவருடையது. இந்த மாற்றத்தில் இன்பம் முழுவதும் உள்ளே இருப்பவருக்கு. இடரில் பெரும்பங்கு வெளியே நிற்பவருக்கு. அவரை யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது, இது ஒரு விளையாட்டு என்பது. உண்மை, நான் அதை மதிக்கிறேன். மூடிய களத்தில், உருள்காப்புக் கூண்டும் மீட்புக் குழுவும் இருக்க, போட்டி வண்டிகள் எந்த டயரில் வேண்டுமானாலும் ஓடட்டும். நம் மாணவர்கள் பாஹா போட்டிக்கு வண்டி கட்டுவதும் அப்படித்தான்: ஒவ்வொரு உறுப்புக்கும் கணக்கு, பிரேக்குக்குத் தனிச் சோதனை, அதில் தேறாத வண்டிக்குக் களத்தில் இடமில்லை. வளாகத்துக்குள் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொண்டு, வாயிலுக்கு வெளியே அதைக் கழற்றி எறிவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாவது வாதம் வலுவானது. சிறு மாற்றத்துக்குக்கூட முறையான வழி இல்லாததால்தான் எல்லாரும் மறைவாகச் செய்கிறார்கள் என்பது. இதை ஒப்புக்கொள்கிறேன். ஜெர்மனியில் தகுதி பெற்ற ஆய்வாளர் சோதித்து ஏற்ற பிறகு மாற்றத்தை ஆவணத்தில் பதிய வழி உண்டு. ஆஸ்திரேலியாவில் உயர்த்தலுக்கும் டயர் விட்டத்துக்கும் வரம்பு வகுத்து, அதற்கு மேற்பட்டால் பொறியாளரின் சான்று கேட்கிறார்கள். இங்கும் அத்தகைய வழி வேண்டும். ஆனால் அதைக் கோர வேண்டியவர்கள் யார்? அந்த ஆய்வாளர்களை உருவாக்க வேண்டியவர்கள் யார்? நாம்தான். நாமோ கண்காட்சியில் படமெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மலையும் இதற்கு விலை கொடுக்கிறது. சோ மொரிரி 2002-இலும் சோ கார் 2020-இலும் ராம்சார் ஈரநிலங்களாக ஏற்கப்பட்டவை. கருங்கழுத்துக் கொக்கு கூடுகட்டும் இடங்கள். சாங்பா மக்கள் பஷ்மினா ஆடுகளை மேய்க்கும் நிலங்கள். அந்தக் குளிர்பாலையில் புல் வளரும் பருவம் மிகக் குறுகியது; ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் எளிதில் ஆறுவதில்லை. 2023 டிசம்பரில் லாஹௌலில் போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க ஒருவர் சந்திரா ஆற்றுக்குள்ளேயே வண்டியை ஓட்டிச் சென்றதை நாடே காணொளியில் பார்த்தது. காவல்துறை அபராதம் விதித்தது. பின்னூட்டங்களிலோ கணிசமானோர் வண்டியின் திறனை வியந்தார்கள். எங்கும் போகலாம் என்று விற்கப்படும் பொருள், போகக் கூடாத இடம் என்ற எண்ணத்தையே மெல்ல மெல்ல அழித்துவிடுகிறது.

இறுதியாக, என் துறையைச் சேர்ந்தவர்களிடம் மூன்று கோரிக்கைகள். மாணவர் மன்றங்கள் மாற்றப்பட்ட வண்டியைக் காட்சிக்கு வைத்தால், அதன் நிறுத்தத் தூரம், கவிழ்விகிதம், குருட்டுப் பரப்பு மூன்றையும் அருகில் எழுதி வையுங்கள். ஆசிரியர்கள் இந்தக் கணக்கை வாகன இயக்கவியல் பாடத்தில் பயிற்சியாகக் கொடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாது. ஆய்வு மாணவர்களே, நண்பர் ஒருவர் உங்களிடம் பாதிக் கணக்கு மட்டும் கேட்டால், மீதியையும் போட்டுக் கொடுங்கள். அவர் கோபித்துக்கொள்ளக்கூடும். கோபித்துக்கொள்ளட்டும்.

நண்பர் பின்னர் பழைய டயர்களையே மீண்டும் பூட்டினார். இதை எழுத அவரிடம் ஒப்புதல் பெற்றிருக்கிறேன். அடுத்த பருவத்தில் அந்தச் சாலையில் போனபோது மூதாட்டி அதே வளைவில் நெருப்பு விசிறிக்கொண்டிருந்தார், இடது கையால். எங்களை அடையாளம் கண்டு சிரித்தார். இரண்டு கதிர் கொடுத்தார். காசு வாங்க மறுத்தார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை 245/75 ஆர்16 என்ற எழுத்துகளில் விளக்க எனக்கு மொழி இல்லை. உங்களுக்கு விளக்க முடியும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.