கோடு இல்லாத செம்பருத்தி

போன மாதம் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அப்பாவின் காசோலையை வங்கியில் திருப்பிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அப்பாவுக்குக் கை நடுங்குகிறது, கையெழுத்து மாறிவிட்டது. ஆனால் முப்பது வருஷம் கட்டட வரைபடம் போட்டவர் அவர். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு இழுப்பார். என் பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டில் இருந்த செம்பருத்திகூட அவர் போட்டதுதான் (டீச்சருக்கு இன்றுவரை தெரியாது). அன்று வீட்டுக்கு வந்ததும் மேஜையில் இருந்த பேனாக்களை எல்லாம் அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நான் வாட்டர்கலர் பெட்டியைத் திறந்தபோது, "வாங்கப்பா, ஒரு பூ போடலாம்" என்றேன்.

"கோடே வராதவனுக்கு எதுக்கும்மா படம்?"

கோடே போடாமல் பூ வரையலாம் என்றதும் சந்தேகமாகப் பார்த்தார். ஜெர்மனி ஓவியர் எமில் நோல்டே (1867–1956) வரைந்த பாப்பி மலர்களை போனில் காட்டினேன். நீரை உறிஞ்சும் ஜப்பானியக் காகிதத்தை நனைத்து, அதில் நிறத்தை ஓடவிட்டவர். பக்கத்தில் பார்த்தால் சிவப்புத் திட்டு, கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் பூ. அப்பா போனைத் தள்ளியும் கிட்டேயும் வைத்துப் பார்த்தார்.

வாசல் செடியிலிருந்து ஒரு செம்பருத்தியைப் பறித்துவந்து வைத்தோம். நீங்களும் போட்டுப் பார்ப்பதானால் காகிதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 300 ஜிஎஸ்எம் வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். சார்ட் பேப்பர் நனைந்ததும் அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். நிறங்கள் மாணவர்கள் வாங்கும் சாதாரண ட்யூப் போதும். நுனி கூரான 8 அல்லது 10-ம் நம்பர் ரவுண்ட் பிரஷ் ஒன்று, இரண்டு டம்ளர் தண்ணீர். பென்சிலை எடுக்கவே வேண்டாம்.

முதலில் வெறும் தண்ணீரால் ஐந்து இதழ்களையும் வரையுங்கள். நடுநடுவே கொஞ்சம் காயாத நிறம் போகாத இடம் இருக்கட்டும். தண்ணீர் படாத அந்த இடம்தான் பூவின் மேல் விழும் வெளிச்சம். வெள்ளை ட்யூபைத் தொடாதீர்கள். தண்ணீர் குளமாக நிற்கக் கூடாது, ஈரமான தரை போல மினுங்க வேண்டும். அப்போது பிரஷ் நுனியில் சிவப்பை எடுத்து, இதழின் அடியில் தொட்டு விடுங்கள். அது தானே பரவும். காய்ந்தால் நிறம் வெளுக்கும் என்பதால், போடும்போது கொஞ்சம் தூக்கலாகவே போடலாம்.

அதன்பிறகு கையை எடுத்துவிட வேண்டும். அப்பாவால் முடியாதது இதுதான். கை நடுக்கம் படத்தில் தெரியவே இல்லை. ஓரத்தைத் தண்ணீர்தானே முடிவு செய்கிறது! ஆனால் பாதி காய்ந்த இதழின் விளிம்பு "சரியா வரலை" என்று ஈரப் பிரஷோடு மறுபடி உள்ளே போனார். புதுத் தண்ணீர் பழைய நிறத்தை ஓரத்துக்குத் தள்ள, காலிஃப்ளவர் போல ஒரு கறை. அதைத் திருத்தப் போய் இன்னொன்று. முதல் தாள் போயிற்று. இரண்டாவதில் சிவப்பு காய்வதற்குள் இலையின் பச்சையை ஒட்டிவைத்தார். இரண்டும் கலந்து பழுப்புச் சேறாகிவிட்டது. நடுவில் ஒரு நூல் அளவு வெள்ளை விட்டிருந்தால் தப்பித்திருக்கும்.

மூன்றாவது தாளில் சிவப்பை விட்டதும் பிரஷைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு காபியைக் கொடுத்தேன். குடித்து முடிக்கும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். இதழ்கள் ஒன்றோடொன்று கலந்து, ஓரிடத்தில் மட்டும் விளிம்பு தெளிவாக நின்றது. நன்றாகக் காய்ந்தபின், நடுவில் நீளும் மகரந்தத் தண்டைச் சின்ன பிரஷால் போடச் சொன்னேன். அங்கே நடுக்கம் தெரிந்தது.

"கோணிடுச்சு."

பூவை எடுத்து அவர் பக்கம் திருப்பினேன். அதன் தண்டும் வளைந்துதான் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மேலே மஞ்சள் புள்ளிகளை வைத்தார். நாலைந்து புள்ளிகள் தள்ளி விழுந்தன, துடைக்கவில்லை.

கீழே கையெழுத்துப் போடச் சொன்னேன். "அது வேண்டாம்மா" என்றுவிட்டார். தேதி மட்டும் எழுதியிருக்கிறார். சாயங்காலம் செம்பருத்தி சுருங்க ஆரம்பித்தபோது, "நாளைக்கு எத்தனை மொட்டு விரியும்?" என்று செடிப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.