விழுங்க முடியாத விரோதி

குழந்தை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால், "வயிற்றில் பூச்சி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வெல்லம் தின்றதுதான் காரணம் என்று ஒரு குட்டும் வைக்கிறோம். வெல்லம் பாவம்! பூச்சியின் முட்டை மண்ணோடும் கழுவாத கையோடும் வாய்க்குள் போகிறது. கொக்கிப் புழுவோ வெறுங்காலைத் துளைத்துக்கொண்டே புகுந்துவிடும். பிறகு குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். குழந்தை வெளுத்துப் போவது அதனால்தான்.

இதை நம் தேகம் சும்மாவா பார்த்துக்கொண்டிருக்கிறது? 'மாக்ரோஃபேஜ்' என்று ஒரு வகை அணு நமக்குள் காவல் இருக்கிறது. பெருந்தீனிக்காரன் என்று பொருள். 1882-ல் இத்தாலியில் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த ருஷ்ய விஞ்ஞானி மெட்ச்னிகாஃப், கண்ணாடி போன்ற இளம் நட்சத்திர மீன் ஒன்றில் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் பார்த்தால், முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன! இந்தத் துறையில் செய்த ஆராய்ச்சிக்காக 1908-ல் எர்லிக் என்பவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிறு கிருமி என்றால் நம் தீனிக்காரன் லபக்கென்று விழுங்கிவிடுவான். பூச்சியை எப்படி விழுங்குவது? எறும்பு பாம்பை விழுங்குகிற கதையல்லவா! ஆகவே அவன் தொழிலையே மாற்றிக்கொள்கிறான். வேறு சில வெள்ளை அணுக்கள் ரசாயனச் செய்தி அனுப்பியதும் கும்பலாகக் கூடி, குடல் சுவரில் பதுங்கிய இளம் புழுவை வளைத்துக்கொள்கிறான். 'ஆர்ஜினேஸ்' என்ற என்ஸைமின் பலத்தால் அதைத் தளர வைக்கிறான். புழு துளைத்த புண்ணை ஆற்றும் கொத்தனார் வேலையும் அவனுடையதே.

2006-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இதை எலிகளிடம் கண்டார்கள். முதல் முறை புகுந்த புழு ஜெயித்துக் குடித்தனமே நடத்தியது. அதை மருந்தால் ஒழித்துவிட்டு மறுபடி புழுவைக் கொடுத்தபோது, தேகம் ஞாபகம் வைத்திருந்து வளைத்துக்கொண்டது. பெருந்தீனி அணுக்களை நீக்கிவிட்டால் புழுவுக்குக் கொண்டாட்டம்!

மனிதரிடம் அந்த ஞாபகம் அவ்வளவு கெட்டியில்லை, சகோதரிகளே. ஒழிந்த பூச்சி மண்ணிலிருந்து மீண்டும் வருகிறது. 2015-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பெண்டசோல் மாத்திரை தர ஏற்பாடு செய்தது அதற்காகத்தான். "என் குழந்தைக்குத்தான் வயிற்று வலியே இல்லையே" என்று மறுக்கும் தாய்மார்கள் உண்டு. கொக்கிப் புழு சிலசமயம் வலியே தெரிவிக்காது. ரத்தம் மட்டும் குறைந்துகொண்டே வரும்.