மனு அல்ல, கேள்வி

தண்ணி நாறுதுன்னு குடத்தோடு வந்து நிற்கிற பெண்ணுக்கு அது நாறுவது தெரியும். ஆனால் அவள் சொன்னால் அது வெறும் புகார். அதே தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, சோதித்து, முத்திரை குத்தி ஓர் அலுவலர் எழுதினால்தான் அது தகவல். தகவல் அலுவலக பீரோவுக்குள் இருக்கிறது. தண்ணீர் நம் வயிற்றுக்குள் இருக்கிறது.

2025 ஏப்ரலில் உறையூரில் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். உயிர்களும் போயின. குழாயில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் தெருக்காரர்கள். குடிநீரில் கோளாறு இல்லை என்றது நிர்வாகம். உறையூரை ஒட்டிய தென்னூரில் இருந்துகொண்டு இதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. என் கேள்வி வேறு. எந்தக் குழாயில், எந்தத் தேதியில் மாதிரி எடுத்தார்கள்? நோய் வருவதற்கு முன்பா, பின்பா? எந்த ஆய்வகம்? குளோரின் எவ்வளவு? மலக்கிருமி உண்டா, இல்லையா? மாதாமாதம் இந்தத் தாள் தெருமுனையில் ஒட்டப்படுகிற ஊரில், யார் சொல்வதை நம்புவது என்கிற சண்டையே வராது.

தகவல் கிடைக்காத இடத்தில் நம் உடம்புதான் சோதனைச்சாலை. பக்கத்து மாவட்டத்து வேங்கைவயலை மறந்துவிட முடியுமா? 2022 டிசம்பரில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது, பிள்ளைகள் காய்ச்சலில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. அரியமங்கலம் குப்பைக் கிடங்கு பல பத்தாண்டுகள் மலையாக வளர்ந்தது. எரியும்போதெல்லாம் புகையைத் தின்றவர்கள் அதைச் சுற்றி வாழ்ந்த ஏழைகள். உய்யக்கொண்டான் வாய்க்காலில் சாக்கடை விழுவதும் ஊரறிந்த சங்கதி. ஊர் தன் கழிவை எந்தப் பக்கம் தள்ளுகிறது, அதை அள்ள யாரை இறக்குகிறது என்று பாருங்கள், சாதி தெரியும். சுற்றுச்சூழல் என்பது மேட்டுக்குடியின் புலி, மயில் பிரச்சினை என்று நம் தோழர்கள் சிலர் ஒதுங்குகிறார்கள். சேரிக்குச் சுற்றுச்சூழல் என்றால் குடிதண்ணி, குப்பை, சாக்கடை, சுடுகாடு.

1984இல் போபாலில் விஷவாயு பரவிய இரவில், எந்த வாயு, என்ன மருந்து என்பதுகூட மக்களுக்குத் தெரியாது. அந்தச் சாவுகளைப் பார்த்துப் பயந்த அமெரிக்கா, தொழிற்சாலைக்குள் இருக்கும் நச்சுப் பொருள்களை அறியும் உரிமையை 1986இல் தன் மக்களுக்குச் சட்டமாக்கியது. செத்தது நாம், பாடம் படித்தது அவர்கள்.

இங்கே தமிழ்நாடு 1997லேயே தகவல் உரிமைச் சட்டம் போட்டது. அதில் உரிமையைவிட விலக்குகள் அதிகம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் வேறு மாதிரி. ராஜஸ்தானில் கூலி வேலை செய்தவர்கள், எங்கள் பேரில் எழுதிய கூலிக் கணக்கைக் காட்டு என்று தெருவில் உட்கார்ந்த போராட்டத்திலிருந்து வளர்ந்தது அது. படித்த வர்க்கம் போட்ட பிச்சை அல்ல.

அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? பத்து ரூபாய்க் கட்டணம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் என்றால் அதுவும் இல்லை. எதுக்குக் கேக்குற என்று அலுவலர் கேட்கக் கூடாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அலுவலர் எழுத உதவ வேண்டும். 30 நாளில் பதில். உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். பதில் இல்லையென்றால் மேல்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் ஆணையம். நியாயமான காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். காகிதம் மட்டுமல்ல, வேலை நடக்கும் இடத்தைப் பார்வையிடலாம், பொருளின் சான்றளித்த மாதிரியும் கேட்கலாம். 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் விட யாருக்கு என்ன நிபந்தனையில் அனுமதி தந்தார்கள் என்கிற வாரியப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் நேரில் பார்க்கலாம்.

ஏட்டில் இருப்பதெல்லாம் நாட்டில் நடக்காது என்பதும் தெரியும். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரம் என்கிற விலக்கை அகலமாக்கிவிட்டது. பெயர் கேட்டால் அந்தக் கதவைக் காட்டுவார்கள். எனவே குழாயைக் கேளுங்கள், தேதியைக் கேளுங்கள், அளவைக் கேளுங்கள். குழாய்க்கு அந்தரங்கம் கிடையாது.

ஆபத்தும் உண்டு. கிர் காட்டுச் சுரங்கங்களைப் பற்றிக் கேட்ட அமித் ஜேத்வா 2010இல் சுட்டுக் கொல்லப்பட்டார். திருமயம் பக்கம் கல்குவாரிகளை எதிர்த்த ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். ஆகவே ஒத்தை ஆளை முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்கக் கூடாது. சங்கத்தின் பேரில் கேட்டால் குடிமகன்தான் கேட்க முடியும் என்று திருப்பி அனுப்ப வழியுண்டு. ஒரே கேள்வியைப் பத்துப் பேர் பத்து விண்ணப்பமாகப் போடுங்கள். பத்துப் பேரில் பாதி பெண்களாக இருக்கட்டும், தண்ணி பிடிக்கிறவர்கள் அவர்கள்தான். வந்த பதிலைக் கோப்பில் பூட்டாமல் தெருவில் வாசித்துக் காட்டுங்கள். கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடப் பெரிய ஆய்வு என்ன இருக்கிறது?

ஒரு காகிதத்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு மகாத் குளத்தைச் சொல்வேன். குளம் எல்லோருக்கும் திறந்தது என்று 1924இல் மகாத் நகராட்சி தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். குளம் எங்கள் சொந்தம் என்று சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். பத்தாண்டு இழுத்து, 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். காகிதம் தானாக நடக்காது, நாம் நடந்தால் கூடவே வரும்.

கை கட்டி மனு கொடுத்தே பழக்கப்படுத்தி வைத்திருக்கிறார்கள் நம்மை. அந்த வார்த்தையிலேயே ஒரு பழைய சட்டக்காரன் உட்கார்ந்திருக்கிறான். மனு கருணையை எதிர்பார்க்கும். கேள்வி பதிலை எதிர்பார்க்கும். நம் தெருக் குழாயில் என்ன வருகிறது என்பதிலிருந்து கேட்கத் தொடங்குவோம்.

ஆசிரியர்