ஊதாமல் ஒட்டும் பொன்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

கல்லூரியில் சேர்ந்த அன்று, விண்ணப்பப் படிவத்தில் 'தந்தையின் தொழில்' என்றிருந்த கட்டத்தில் 'கூலி' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிவத்தை நிரப்பித் தர வேறு யாரும் இல்லை. ஆகவே அந்தப் பொய்யில் வேறு யாருக்கும் பங்கில்லை. பொய் என்றுதான் சொல்ல வேண்டும். என் தந்தை நகைகளில் கல் பதிப்பவர்.

வெலிங்டன் என்றதும் மெட்ராஸ் ரெஜிமெண்டும் ராணுவ அதிகாரிகளின் கல்லூரியும்தான் பலருக்கும் நினைவு வரும். கடைவீதிச் சந்து ஒன்றில், ஒற்றை ஜன்னல் அறையில், சிறு மரப்பலகைக்கு முன் குனிந்து உட்கார்ந்திருக்கும் மனிதரை யாருக்கும் தெரிய நியாயமில்லை. எங்கள் பூர்வீகம் நாகர்கோவிலை அடுத்த வடசேரி. கோயில் திருமேனிகளுக்கும் பரத நாட்டியம் ஆடுவோருக்கும் நெற்றிச்சுட்டி, சூரியப் பிறை, சந்திரப் பிறை, ராக்கொடி, ஜடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் செய்யும் ஊர். புவிசார் குறியீடு பெற்ற தொழில் அது. அங்கே வேலை குறைந்த காலத்தில், மலையில் பிழைத்துக் கொள்ளலாம் என்று யாரோ சொன்ன சொல்லை நம்பி அப்பா இங்கே வந்தார்.

அவர் செய்யும் வேலையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நம் தோழர்களில் பலர் காதிலும் கழுத்திலும் அதை அணிந்திருந்தும், அது எப்படி நிற்கிறது என்று கேட்டதில்லை.

பொன்னோடு பொன்னை ஒட்ட வேண்டுமானால் ஆசாரி என்ன செய்வார்? பொடி வைத்து, வெண்காரம் தடவி, ஊதுகுழலால் ஊதுவார். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடிதான்! தகட்டை வளைத்துக் கல் உட்காரும் சிறு பெட்டியைக் கட்டுவது வரையில் இது சரி. கல் வந்து உட்கார்ந்த பிறகு நெருப்பு ஆகாது. முத்து கருகிவிடும். மரகதத்தினுள் இயற்கையிலேயே ஓடும் கீறல்கள் சூடு பட்டால் விரியும். எதையும் தாங்கும் என்று நாம் நினைக்கும் மாணிக்கத்தின் மேல்பரப்பைக்கூடச் சூடேறிய வெண்காரம் அரித்துவிடும். எனவே கல்லைப் பொடியால் பிடிக்க முடியாது. வேறு வழி வேண்டும்.

அந்த வழி இது. பெட்டியினுள் செங்கல் பொடி சேர்த்த அரக்கை நிரப்புவார்கள். அதன் மேல் வெள்ளித் தகட்டுத் துண்டு, அதற்கு மேல் கல். தகடு கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால் மங்கிய கெம்புக்கும் உயிர் வந்துவிடும். பிறகு கலப்பே இல்லாத பொன்னை மெல்லிய நாடாவாகத் தட்டி, கல்லைச் சுற்றியுள்ள இடைவெளியில் எஃகு முனையால் அழுத்திக்கொண்டே போவார்கள். மடிப்பின் மேல் மடிப்பு. சிறிது நேரத்தில் மடிப்புகள் மறைந்து ஒரே பொன்னாகிவிடும். நெருப்பில்லை, பொடியில்லை, பசையில்லை. வடக்கே இதைக் குந்தன் என்கிறார்கள். வடசேரியிலும் அடிப்படை இதுதான். இராணுவக் குடும்பங்கள் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் இங்கே வருவதால், இராஜஸ்தானத்து மணப்பெண்ணின் மாலையும் அப்பாவின் பலகைக்கு வந்ததுண்டு. அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆளுதான் செஞ்சிருக்கான்" என்றார். செய்தவர் எந்த ஊரோ, என்ன மொழியோ!

இந்த மலையின் குளிர் மட்டும் அவருக்குப் பகை. வடசேரியில் இளகியே கிடக்கும் அரக்கு, வெலிங்டனின் மார்கழியில் கை எடுப்பதற்குள் இறுகி நொறுங்கும். அதனால் காலடியில் எப்போதும் ஒரு கரிச்சட்டி கனன்றுகொண்டிருக்கும்.

முதலாண்டில் உலோகப் பிணைப்புப் பாடம் நடந்தபோது நான் திடுக்கிட்டேன். பெரும்பாலான உலோகங்களின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று போர்வையாக இருக்கும். இரு துண்டுகளைச் சேர்த்து அழுத்தினாலும் போர்வைதான் போர்வையைத் தொடுமே தவிர உலோகம் உலோகத்தைத் தொடாது. தூய பொன்னுக்கு அந்தப் போர்வை கிடையாது. போதிய அழுத்தம் கொடுத்தால் ஒரு துண்டின் அணு மறு துண்டின் அணுவை அடுத்த வீட்டுக்காரன் என்று பாராமல் தன் வீட்டுக்காரனாகவே ஏற்றுக்கொள்ளும். குளிர் பற்றவைப்பு என்று இதற்குப் பெயர். தெசாகுலியே என்பவர் 1724-இல் இரண்டு ஈய உருண்டைகளை அழுத்தித் திருகி ஒட்டிக்காட்டியதை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். அதற்கு முன்பே, 17ஆம் நூற்றாண்டின் மொகலாயக் கலைஞர்கள் ஜேடு கல் கிண்ணங்களில் மாணிக்கத்தைப் பொன்னால் பதித்திருக்கிறார்கள். கல்லின் மேல் பொடி வைத்து ஊத முடியுமா? கையழுத்தம் ஒன்றுதான் வழி.

அன்று மாலை பேருந்து அருவங்காட்டைத் தாண்டும்போதே அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டேன். "இருபத்திரண்டு காரட் பொன்னில் ஏன் இதைச் செய்யக் கூடாது?" அவர் நிமிரவேயில்லை. "செம்பு இருக்குல்லா, அது பிடிக்காது. கையில எண்ணெய் இருந்தாலும் பிடிக்காது." பாடநூலின் இரண்டு பக்கம் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கிவிட்டது. காட்மியம் கலந்த பொடியை வைத்து ஊதும் 'கே.டி.எம்.' வேலை ஊரெங்கும் பரவிய காலத்தில், அந்தப் புகை ஆகாது என்று அவர் மறுத்ததும் இப்படித்தான். காட்மியப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அவர் மூக்கால் தெரிந்துகொண்டார்.

இனி என் வழக்குக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஓர் அம்மாள், தம் பாட்டியின் கெம்பு அட்டிகையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். மகளுக்குத் திருமணம். வளையம் ஒன்று அறுந்திருந்ததால் பெரிய கடை ஒன்றில் கொடுத்திருக்கிறார். அங்கே எரிவாயுச் சுடரைக் காட்டி ஊதியிருக்கிறார்கள். உள்ளிருந்த அரக்கு பொங்கி, வெள்ளித் தகடு கறுத்து, பதினொரு கற்கள் உதிர்ந்துவிட்டன. கடைக்காரர் வருத்தம் தெரிவிக்கவில்லை. 'உள்ளே எல்லாம் அரக்கு, உங்கள் பாட்டி ஏமாந்திருக்கிறார்' என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் எங்கள் அறையில் நின்று அழுதது கல் போனதற்காக அல்ல. பாட்டி ஏமாளியாகிப் போனதற்காக. அப்பா நான்கு நாட்கள் உட்கார்ந்து பதினொன்றையும் திரும்பப் பதித்தார். வாங்கிய கூலியை இங்கே எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அரக்கு என்றால் ஏமாற்று என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? முற்றிலும் வீண்பழி என்று வாதாட நான் வரவில்லை. அரக்கையும் கல்லையும் பொன்னின் எடையோடு சேர்த்து விற்றவர்கள் உண்டு. 'தட்டான் தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பான்' என்ற பழமொழியும் காற்றில் பிறந்ததல்ல. 2021 ஜூன் மாதம் ஹால்மார்க் முத்திரை கட்டாயமாக்கப்பட்டபோது குந்தன், போல்கி, ஜடாவ் நகைகளுக்கு விலக்கு அளித்தார்கள். கல்லும் அரக்கும் பொன்னும் பின்னிக் கிடக்கும் நகையைச் சோதிப்பது எளிதல்ல. கைவினைஞருக்கு அது சலுகைதான். ஆனால் வாங்குபவருக்கு முத்திரையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை என்றால் அவர் அச்சில் வார்த்த நகைக்குத்தானே போவார்? ஆகவே கல் எவ்வளவு, அரக்கு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று பதிப்பவரே தனித்தனியே எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும் என்பது என் கட்சி. இதை அப்பாவிடம் சொன்னபோது, "என் வாக்கு போதாதா?" என்று கோபித்துக்கொண்டார். போதாது என்றுதான் இப்போதும் சொல்கிறேன்.

இன்னொரு விஷயத்திலும் எனக்கு அவரோடு உடன்பாடில்லை. நான் எஃகு முனையைத் தொட்டால் தட்டிவிடுவார். "நீ இதுல கை வைக்காத மக்கா. இது என்னோட போகட்டும்." அவருக்கு இப்போது சிறு கற்களின் விளிம்பு தெரிவதில்லை, கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. பட்டம் வாங்குகிறவன் பலகை முன் உட்காரக் கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? 'கூலி' என்று எழுதிய நானும் அவர்களில் ஒருவன்தானே? நம் வேதியியல் ஆய்வகத்தில் ஒரு பிற்பகல், ஒரு துண்டு பொன் நாடாவையும் உடைந்த கெம்பையும் வைத்து அவர் இதைச் செய்து காட்டினால் எந்தப் பாடத்துக்குக் குறைவு வரும்? ஆசிரியப் பெருமக்கள் இசைவு தந்தால் அழைத்துவர நான் தயார். அவரை இசைய வைப்பதுதான் கடினம்.

இந்த ஆண்டு உதவித்தொகைக்காகக் கணினியில் ஒரு விண்ணப்பத்தை நிரப்பினேன். தந்தையின் தொழிலுக்கு அதில் ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை தேடினேன். கல் பதிப்பவர் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டதும் பக்கத்தில் சிறு கட்டம் ஒன்று திறந்தது. அதில் எழுதிவிட்டேன்.