காய்ச்சல் போன பிறகு கால் தளருதா? ஜிபிஎஸ் நோயில் நடப்பது என்ன?

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சரியாகி ஒன்றிரண்டு வாரம் ஆகியிருக்கும். திடீரென கால் விரல்களில் ஊசி குத்துவது போல இருக்கும். அடுத்து படி ஏற முடியாது. சில நாட்களில் கையிலும் வலு குறையும். இதுதான் கில்லன் பாரே சிண்ட்ரோம் எனும் ஜிபிஎஸ். ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கே வரும் அரிய நோய்.

நரம்புக்கு என்ன ஆகுது?

கரண்ட் வயருக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது போல, நரம்புக்கும் மயலின் என்ற உறை உண்டு. கிருமியை அழிக்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு சக்தி, ஆள் மாறி இந்த உறையைத் தாக்கிவிடுகிறது. மூளையின் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது. போலியோவில் வைரஸே நரம்பு செல்லை அழித்துவிடும், பாதிப்பு நிரந்தரம். ஜிபிஎஸ்ஸில் உறை மீண்டும் வளரும். அதனால்தான் பெரும்பாலானோருக்கு இது தற்காலிக முடக்கம்.

எந்தக் கிருமி காரணம்?

ஜிகா, சிக்குன்குனியா போன்ற வைரஸ்களும், கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவும் இதைத் தூண்டலாம். 2025 ஜனவரியில் புனேவின் சிங்ககட் சாலைப் பகுதியைச் சுற்றி பரவலாக ஜிபிஎஸ் பாதிப்பு தெரியவந்தது. எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. நோயாளிகளின் மல மாதிரிகளில் கேம்பிலோபாக்டரும் நோரோ வைரஸும் இருந்தன. அசுத்தமான தண்ணீர் மீது சந்தேகம் விழுந்தது. ஜிபிஎஸ் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அதைத் தூண்டும் கிருமிதான் தண்ணீர், உணவு, கொசு வழியாகப் பரவும்.

நாமக்கல் கோழி, முட்டை சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம், நன்றாக வெந்திருந்தால். புனே பரவலின்போது, அரைவேக்காட்டு சிக்கனைத் தவிர்க்கச் சொன்ன அப்போதைய மகாராஷ்டிர துணை முதல்வர் அஜித் பவார், கோழிகளை அழிக்கத் தேவையில்லை என்றும் சொன்னார். சூட்டில் கேம்பிலோபாக்டர் செத்துவிடும். பச்சைக் கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் அதிலேயே வெங்காயம், தக்காளி நறுக்குவதுதான் ஆபத்து.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

பக்கவாதம் பொதுவாக ஒரு பக்கம் வரும். ஜிபிஎஸ் இரண்டு கால்களிலும் தொடங்கி மேலே ஏறும். ‘வாயுப் பிடிப்பு, எண்ணெய் தேய்த்தால் சரியாகிடும்’ என்று நாட்களைக் கடத்துவதுதான் இதில் பெரிய சிக்கல். இம்யூனோகுளோபுலின் ஊசியோ, பிளாஸ்மா மாற்று சிகிச்சையோ முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். நான்கில் ஒருவருக்கு மூச்சுத் தசையும் தளர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படலாம். பேசும்போது மூச்சு வாங்குவது, விழுங்க முடியாமல் போவது இரண்டும் அவசர அறிகுறிகள்.

அப்படி இருந்தால் ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கம் உள்ளவர்கள் சின்ன கிளினிக்குகளில் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை போல தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குப் போவது நல்லது.

15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திடீரெனக் கை கால் தளர்ந்தால் போலியோ இல்லை என உறுதி செய்ய மல மாதிரி எடுப்பார்கள். இது நாடு முழுக்க உள்ள நடைமுறைதான், பெற்றோர் பதற வேண்டாம்.

பழையபடி நடக்க முடியுமா?

ஐந்தில் நான்கு பேர் ஆறு மாதத்துக்குள் யார் துணையும் இல்லாமல் நடந்துவிடுகிறார்கள். சிலருக்குச் சோர்வும் மரமரப்பும் நீடிக்கும். வீடு திரும்பிய பிறகும் பிசியோதெரபியை நிறுத்தக் கூடாது.