பிளாஸ்டிக் புல் தண்ணீரைக் குடிக்குமா?

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்து டல்லஸ் நகரில் பல வீடுகளில் ஒரு தொல்லை. மழை பெய்தால் கொல்லையெல்லாம் சேறு. தண்ணீர் எளிதில் வடிவதில்லை.

காரணம் என்ன?

அந்த ஊர் மண் கரிசல். வெயிலில் வெடிக்கும். மழையில் உப்பி, நீர் இறங்கும் வழியை அடைத்துக்கொள்ளும்.

"பிளாஸ்டிக் புல் விரித்தால் சேறு போய்விடும்" என்று சிலர் நம்புகிறார்கள். இந்தப் புல் புதியதல்ல. அதே மாநிலத்தில், ஹூஸ்டன் நகரத்துக் கூரையிட்ட விளையாட்டு அரங்கில் இயற்கைப் புல் பட்டுப்போகவே, 1966-ல் இதை விரித்தார்கள்.

கீழே என்ன?

புல்லின் அடியில் துளைகள் உண்டு. அவை நீரைக் கீழே விடும், அவ்வளவுதான். அங்கே களிமண் இருந்தால் நீர் எங்கே போகும்? ஆகவே சில அங்குல மண்ணை வெட்டி எடுத்து, உடைத்த கல்லைக் கொட்டி இறுக்க வேண்டும். வீட்டுக்கு வெளிப்புறமாகச் சரிவு வைத்து, துளைக் குழாய் பதிக்க வேண்டும். சேற்றைப் போக்குவது இந்த வேலைதான். சரிவும் குழாயும் இருந்தால் நிஜப் புல் தரையிலும் சேறு குறையும். வெயிலில் பிளாஸ்டிக் போலக் காலைச் சுடவும் சுடாது!

சரிவு அடுத்த வீட்டை நோக்கினால் வம்புதான். மழை நீரைத் திருப்பிவிட்டுப் பிறர் சொத்தைச் சேதப்படுத்தினால், டெக்சாஸ் சட்டப்படி நஷ்டஈடு கேட்கலாம்.

பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: "தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?"